திரும்பி வந்த வாய்ப்புற்று: உள்ளே குழாய் வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வேளிமலை:
எல்லோருக்கும் வணக்கம். தக்கலைப் பக்கம் நாங்கள். அப்பாவுக்கு 68 வயது, ரப்பர் பால் வெட்டுகிற வேலை, வெற்றிலை பாக்கு போயிலை சின்ன வயதிலிருந்தே உண்டு. இடது கன்னத்தின் உட்புறம் புற்று வந்து ஆபரேஷன் செய்து, அப்புறம் வெளியிலிருந்து கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள், மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சின் அளவு) என்று டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறது. இரண்டு வருடம் நன்றாக இருந்தார், தோட்டத்துக்குக்கூடப் போய் வந்தார். இப்போது அதே பக்கம் உதட்டோரத்தில் ஒரு புண், பயாப்சியில் மறுபடியும் ஸ்குவாமஸ் செல் புற்று என்றே வந்திருக்கிறது. முன்பு பார்த்த ஆஸ்பத்திரியில் "ஒரு தடவை கரண்ட் வைத்த இடத்தில் திரும்ப வைக்க முடியாது, கீமோ கொடுத்துப் பார்க்கலாம்" என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறு வழி இருக்கிறதா என்று கேட்டால் பதிலே இல்லை.

சவுதியில் இருக்கும் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். இஸ்ரேலில் ரேடியம் தடவிய சின்னச் சின்ன ஊசிகளைக் கட்டிக்குள்ளேயே குத்தி வைக்கிறார்கள், கட்டி கரைந்துவிடுகிறது என்று. அந்த வீடியோவுக்குக் கீழே இருந்த நம்பரில் பேசினால் பாஸ்போர்ட் நகலும் முன்பணமும் கேட்கிறார்கள். இது உண்மையா? உள்ளே வைக்கிற கதிர்வீச்சு நம்ம பக்கத்தில் எங்காவது கிடைக்குமா? நிலத்தை ஈடு வைக்கவும் அப்பா தயாராக இருக்கிறார், நான்தான் இரண்டு நாள் பொறுங்கள் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மணக்குடி:
தம்பி, முதலில் அந்த நம்பருக்கு ஒரு பைசாவும் அனுப்பாதே. விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள், அதுவரை பொறு.

முட்டத்துக்காரி:
உள்ளே வைக்கிற கதிர்வீச்சு உண்மைதான் தம்பி, அதற்கு இஸ்ரேல் வரை போக வேண்டியதில்லை. என் அம்மாவுக்குக் கன்னத்தில் திரும்பி வந்தபோது அதுதான் செய்தார்கள். பிராக்கிதெரபி என்று பெயர். மயக்க மருந்து கொடுத்து, கட்டி இருக்கிற இடத்தில் சதைக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களை வரிசையாகக் கோத்து விடுவார்கள். இரண்டு முனையிலும் நகராமல் இருக்கச் சின்ன பட்டன் மாதிரி ஒன்று. அம்மா அறையை விட்டு வெளியே வந்ததைப் பார்த்து என் தங்கச்சி அழுதேவிட்டாள், கன்னத்திலிருந்து குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன, முகம் வீங்கி இருந்தது. பார்க்கத்தான் பயமாக இருக்கும். வலிக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதில்தான் கஞ்சியும் பாலும்.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஒரு அறைக்குக் கூட்டிப்போய், குழாய்களோடு மெஷினை இணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். சில நிமிடம்தான். கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்து குழாயை எடுத்தார்கள். அம்மா இன்று மரச்சீனியும் சாளைக் கறியும் சாப்பிடுகிறார், காரம் மட்டும் ஆகாது. எல்லோருக்கும் இப்படியே அமையும் என்று நான் சொல்ல மாட்டேன், எங்களோடு அதே வார்டில் இருந்த ஒரு அண்ணனுக்குக் கழுத்தில் நெறி கட்டி வந்துவிட்டது. ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

கோதையாறு:
நான் கதிரியக்கப் பிரிவில் டெக்னீஷியனாகப் பல வருடமாக வேலை செய்கிறேன், சொந்த ஊர் குலசேகரம் பக்கம். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரிந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

"திரும்ப வைக்க முடியாது" என்று அவர்கள் சொன்னது வெளியிலிருந்து வைக்கிற கதிர்வீச்சுக்குப் பெரும்பாலும் பொருந்தும். 60 கிரே வாங்கிய தோல், தாடை எலும்பு, தண்டுவடம் எல்லாம் அதை மறப்பதில்லை. மறுபடியும் அதே பாதையில் கதிரை அனுப்பினால் சதை அழுகும், தாடை எலும்பு செத்துப்போகும் அபாயம் அதிகம். ஆனால் கதிர் மூலத்தையே, அதாவது கதிரை விடும் பொருளையே, கட்டிக்குள் கொண்டுபோய் வைத்தால் கணக்கு மாறுகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் கை வைத்தால் சுடும், இரண்டடி தள்ளினால் சூடு தெரியாது இல்லையா, அதுதான். ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் கிடைக்கிற டோஸ் இரண்டு சென்டிமீட்டரில் கிட்டத்தட்ட கால் பங்காகிவிடும். கட்டிக்கு நிறையக் கிடைக்கும், முன்பே அடிபட்ட சுற்றுச் சதைக்குக் குறைவாகப் போகும். அதனால்தான் திரும்பி வந்த சின்னக் கட்டிக்கு இதை யோசிக்கிறார்கள்.

இப்போது பெரும்பாலும் பயன்படுவது இரிடியம்-192. ஒரு அரிசியை விடச் சின்ன மூலம், எஃகுக் கம்பியின் நுனியில் ஒட்டியிருக்கும். மெஷின் அந்தக் கம்பியை ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தள்ளி, கணினி சொன்ன இடத்தில் சொன்ன விநாடி நிறுத்தி, திரும்ப இழுத்துக்கொள்ளும். அதன் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறையும் காலம், சுமார் 74 நாள், அதனால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதிய மூலம் மாற்றுவோம். மூலம் மெஷினுக்குள் திரும்பியதும் நோயாளி உடம்பில் கதிர்வீச்சு எதுவும் மிஞ்சுவதில்லை. பேரப்பிள்ளையை மடியில் வைக்கலாம், ஒரு பயமும் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவரைத் தனித் தட்டு, தனி அறை என்று ஒதுக்கி வைத்த குடும்பங்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி விடுவதும் சும்மா இல்லை, நல்ல சதை தன்னைச் சரிசெய்துகொள்ள அந்த நேரம் வேண்டும்.

எல்லாத் திரும்பி வந்த புற்றுக்கும் இது ஆகாது. கட்டி சின்னதாக இருக்க வேண்டும், தாடை எலும்பைத் தொட்டிருக்கக் கூடாது, கழுத்து நெறியில் பரவியிருக்கக் கூடாது. முடிந்தால் மறுபடி ஆபரேஷன் என்பதுதான் டாக்டர்கள் முதலில் யோசிப்பது, அதுவும் சரியே. ஆபரேஷன் செய்து எடுத்த இடத்திலேயே குழாய் வைத்துக் கதிர் கொடுப்பதும் உண்டு. ஆகவே தம்பி, அப்பாவுக்குப் புதிதாக சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறதா, கட்டி எத்தனை சென்டிமீட்டர், எலும்பு எப்படி, கழுத்து எப்படி? பழைய கதிர்வீச்சின் முழு விவரம், அதாவது எந்தப் பகுதிக்கு எத்தனை கிரே, எத்தனை நாளில் என்ற சீட்டு, கையில் இருக்கிறதா? அது இல்லாமல் யாரும் மறுபடி கதிர் கொடுக்க ஒப்ப மாட்டார்கள். இன்றே போய்க் கேட்டு வாங்குங்கள், தயங்க வேண்டாம், அது உங்களுக்குக் கொடுக்க வேண்டிய காகிதம்.

இன்னொன்று. இந்த மெஷின் கருப்பைவாய்ப் புற்றுக்காகப் பல ஊர்களில் இருக்கிறது. மெஷின் இருக்கிறது என்பதால் வாயில் குழாய் கோக்கத் தெரிந்தவர் அங்கே இருக்கிறார் என்று அர்த்தமில்லை. வாய்க்குள் வைத்துப் பழகியவர்கள் குறைவு. எனவே "பிராக்கிதெரபி இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், "வாய்ப்புற்றுக்கு இங்கே குழாய் வைத்துச் செய்கிறீர்களா, கடைசியாக எப்போது செய்தீர்கள்" என்று கேளுங்கள். நம்ம ஊர்க்காரர்களுக்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்கிற மண்டலப் புற்றுநோய் மையம் பக்கம், 1981ல் தொடங்கியது, வாய்ப்புற்று நிறையப் பார்த்த இடம். சென்னை போக முடிந்தால் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி.

வேளிமலை:
அண்ணே, ரொம்ப நன்றி. இத்தனை விவரம் இதுவரை யாரும் சொன்னதில்லை. பழைய சீட்டு முழுதாக இல்லை, நாளைக்கே போய் வாங்குகிறேன். அந்த இஸ்ரேல் ஊசி பற்றியும் சொல்ல முடியுமா? மச்சான் தினமும் போன் செய்கிறார்.

பழையாறு:
அதற்கு நான் வருகிறேன். இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அது பொய் இல்லை, ஆனால் அந்த வீடியோ சொல்கிற அளவுக்கு முடிந்துபோன விஷயமும் இல்லை.

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் கெல்சன், கெய்சாரி என்ற இருவர் உருவாக்கியது. ஆல்ஃபா டார்ட் என்று பெயர். மெல்லிய உலோக ஊசியின் மேற்பரப்பில் ரேடியம்-224 பதித்திருக்கும். ஆல்ஃபா துகள் சதைக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது, அதனால் முன்பெல்லாம் கட்டிக்கு ஆல்ஃபா உதவாது என்றே நினைத்தார்கள். இவர்கள் கண்ட வழி வேறு. ரேடியம்-224 சிதைந்து ரேடான்-220 என்ற வாயுவாகிறது, அது ஊசியை விட்டு வெளியேறி, அடுத்தடுத்துச் சிதைகிற பொலோனியம், ஈயம், பிஸ்மத் அணுக்களாகச் சதைக்குள் சில மில்லிமீட்டர் பரவுகிறது, போகிற இடத்தில் ஆல்ஃபாவை விடுகிறது. இரிடியம் விடும் காமாவை விட ஆல்ஃபா செல்லின் டி.என்.ஏ.வை மிகப் பலமாக உடைக்கும், அதனால் கதிர்வீச்சுக்கு அசையாத செல்களும் சாக வாய்ப்பு உண்டு. ரேடியம்-224 அரை ஆயுள் 3.6 நாள்தான், இரண்டு வாரமோ அதற்கு மேலோ கழித்து ஊசிகளை எடுத்துவிடுகிறார்கள்.

முதல் மனிதச் சோதனை முடிவு 2020ல் வந்தது. தோலிலும் தலை கழுத்திலும் வந்த ஸ்குவாமஸ் புற்றுகள், பெரும்பாலும் வயதானவர்கள், பலருக்கு முன்பே கதிர்வீச்சு கொடுத்துத் திரும்பி வந்தது. 28 நோயாளிகள். மதிப்பிட முடிந்த 28 கட்டிகளில் 22 முழுதாக மறைந்தன, மீதி ஆறும் சுருங்கின. வீடியோக்காரர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே கட்டுரையில் அடுத்த வரி, மறைந்த 22ல் ஐந்து சில மாதத்துக்குள் அதே இடத்தில் திரும்பி வந்தன. நல்ல ஆரம்பம், சந்தேகமில்லை, ஆனால் சின்னச் சோதனை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021ல் தோல், வாய் ஸ்குவாமஸ் புற்றுக்கு, வேறு குணமாகும் வழி இல்லாதவர்களுக்கென்று, இதற்கு ஒரு விரைவு அந்தஸ்து கொடுத்தது. ஆய்வு வேகமாக நடக்கட்டும் என்பதற்கான அந்தஸ்து அது, விற்பனை அனுமதி என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்தியாவில் எந்த மருத்துவச் சோதனை நடந்தாலும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும், 2009லிருந்து அது கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். சோதனையில் சேர்க்கிறோம் என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடம் பேச்சையே தொடராதீர்கள்.

ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த ரேடியம்-224 தோரியம் குடும்பத்துப் பிள்ளை. நம்ம மணவாளக்குறிச்சி மணலில் 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தாரே மோனசைட் என்ற தாது, அதற்குள் இருக்கும் தோரியம்-232 தான் இந்தக் குடும்பத்தின் மூத்தது. அது சிதைந்து சிதைந்து ரேடியம்-224 ஆகி, கடைசியில் ஈயமாக நிற்கும். கியூரி தம்பதி 1898ல் கண்டுபிடித்தது ரேடியம்-226, அது வேறு, யுரேனியம் குடும்பம், அரை ஆயுள் 1600 வருடம்.

மணக்குடி:
சார், அப்படியென்றால் ஒரு கேள்வி. எங்கள் கடற்கரையில் அந்த மணல் மேல்தான் பிறந்து வளர்ந்து வலை உலர்த்துகிறோம். ஊரில் புற்று வந்தால் எல்லோரும் மணலைத்தான் சொல்கிறார்கள். இப்போது நீங்கள் அதே சாமான் புற்றைக் கொல்லும் என்கிறீர்கள். எதை நம்புவது?

பழையாறு:
நல்ல கேள்வி. ஊசியில் இருப்பது பிரித்தெடுத்துக் குவித்த ரேடியம், கட்டிக்குள் குத்தினால்தான் வேலை செய்யும். மணலில் படுத்தால் ஒரு புற்றும் கரையாது, யாராவது அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம். மணலால் புற்று வருகிறதா என்பதற்கு நம்மைப் போலவே மோனசைட் கரை உள்ள கேரளக் கருநாகப்பள்ளியில் பெரிய ஆய்வு நடந்தது, 69,958 பேரைச் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2009ல் வெளியிட்டார்கள். இயற்கைக் கதிர்வீச்சு அதிகமான இடத்தில் புற்று கூடுதல் என்று அதில் தெரியவில்லை. அதை வைத்து மணல் அள்ளுவது பற்றிய ஊர்க்காரர்களின் கவலையை யாரும் தள்ளிவிட முடியாது, கரை அரிப்பு, தூசி, பிழைப்பு எல்லாம் அதில் இருக்கிறது, அதற்குத் தனி இழை போடுங்கள். ஆனால் வாய்ப்புற்றுக்குக் காரணம் தேடி மணலைப் பார்த்துக்கொண்டே வாயில் போயிலையை அடக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான் வருகிறது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் பெண்டால் 1908லேயே திருவிதாங்கூர்ப் புற்று நோயாளிகள் 1,700 பேரைப் பற்றி எழுதினார். அதே நெய்யூரிலிருந்து ஆர் (Orr) என்ற டாக்டர் 1933ல் வெற்றிலை போடுபவர்களின் வாய்ப்புற்று பற்றி லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். உலகத்துக்கு நம்ம மாவட்டத்திலிருந்து போன செய்தி அது, நம்ம வீட்டுத் திண்ணைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மணக்குடி:
புரிந்தது சார். என் சித்தப்பாவுக்கு மூக்கின் பக்கத்தில் கறுப்பாக ஒரு புண், இரண்டு தடவை வெட்டி எடுத்தும் திரும்ப வருகிறது, பேசல் செல் என்கிற தோல் புற்று என்று சொன்னார்கள். 80 வயது தாண்டிவிட்டது. அவருக்கும் இந்தக் குழாயா?

கோதையாறு:
தோலில் மேலாக இருந்தால் குத்தவே தேவைப்படாமல் போகலாம் அண்ணே. முகத்தின் அளவுக்கு அச்சு ஒன்று செய்து, அதற்குள் குழாய்களைப் பதித்து, அந்த இடத்தில் பொருத்திக் கதிர் கொடுப்பார்கள். மயக்க மருந்து வேண்டாம். சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும் புண்ணுக்கு இது நன்றாக ஒத்துவரும், மூக்கு, காது மடல், கண்ணோரம் போன்ற இடங்களில் வெட்டினால் முகம் மாறிவிடும் என்கிறபோது வயதானவர்களுக்கு ரொம்ப உதவி. ஆழமாகக் குருத்தெலும்புக்குள் போயிருந்தால் வேறு யோசிக்க வேண்டும். பேசல் செல் மெதுவாகத்தான் வளரும், உடம்புக்குள் பரவுவது மிக அபூர்வம், ஆனால் இருக்கிற இடத்தை அரித்துக்கொண்டே போகும். 80 வயதாகிவிட்டது, இனி எதற்கு என்று விட்டுவிடாதீர்கள், கண் வரை போய்விட்டால் அவர்தான் கஷ்டப்படுவார்.

முட்டத்துக்காரி:
வேளிமலைத் தம்பி, செலவு பற்றி ஒரு வார்த்தை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு, ஆனால் போகிற ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சை அதில் வருகிறதா என்று அட்மிஷனுக்கு முன்னால் அங்கே இருக்கிற காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். அப்புறம் ரயில். ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு படிவம் உண்டு, டாக்டர் கையெழுத்துப் போட்டால் புற்று நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, கூடப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம். நாகர்கோவில் ஸ்டேஷனில் பலருக்கு இது தெரியாமல் முழுக் காசு கொடுத்துப் போய் வருகிறார்கள். நிலத்தை ஈடு வைக்கும் முன்னால் இதையெல்லாம் பாருங்கள்.

வேளிமலை:
எல்லோருக்கும் ஒரு தகவல். பழைய கதிர்வீச்சுச் சீட்டை வாங்கிக்கொண்டு வேறு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், எலும்பைத் தொடவில்லை, கழுத்தில் எதுவும் இல்லை. சர்ஜன், கதிரியக்க டாக்டர், கீமோ டாக்டர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். வெட்டி எடுத்துத் தொடைச் சதை வைத்துத் தைக்கலாம் என்பதுதான் சர்ஜன் முதலில் சொன்னது, ஆனால் அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு இருப்பதால் பத்து மணி நேர ஆபரேஷன் தாங்காது என்று மயக்க டாக்டர் சொல்லிவிட்டார். குழாய் வைத்தே செய்யலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதற்கும் மயக்க மருந்து உண்டு, ஆனால் நேரம் குறைவு. முதலில் பல் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார்கள். கீமோ டாக்டரிடம் இது சரிவராவிட்டால் என்ன என்று கேட்டேன், மும்பை டாடா மெமோரியலில் நிவோலுமாப் என்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தை வழக்கமான 240 மில்லிகிராமுக்குப் பதில் 20 மில்லிகிராம் மட்டும் மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், ஒரு வருடம் தாண்டி உயிரோடிருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாகக் கூடினார்கள், அந்த வழியும் கையில் இருக்கிறது என்றார். மச்சானிடம் சொல்லிவிட்டேன், அந்த நம்பரை பிளாக் செய்தாயிற்று.

அப்பா ஒரே கேள்விதான் கேட்கிறார், திரும்பப் பால் வெட்டப் போகலாமா என்று. என்ன சொல்வது?

கோதையாறு:
நல்ல செய்தி தம்பி. இதயம் பற்றி மயக்க டாக்டர் பார்த்து ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். வேலைக்குப் போவதை இப்போது எதுவும் சொல்லாதீர்கள், புண் ஆறி, சாப்பாடு சரியாகி, முதல் சில மாதப் பரிசோதனை முடியட்டும். முக்கியமாக அவரிடம் சொல்ல வேண்டியது, குழாயை எடுத்த பிறகுதான் புண் அதிகமாகும். எடுத்த அன்று நன்றாக இருப்பார், அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வாய் வெந்துபோன மாதிரி ஆகும், இது மோசமாகிவிட்டது என்று பயந்து ஆஸ்பத்திரிகளை மாற்றுகிறவர்கள் உண்டு. அது எதிர்பார்த்ததுதான். உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் அடிக்கடி கொப்பளிக்க வேண்டும். எலும்பு தெரிகிறது, நாற்றம், விடாத ரத்தம் என்றால் மட்டும் காத்திருக்காமல் ஓடி வாருங்கள்.

முட்டத்துக்காரி:
கூட இருக்கப் போவது யார், நீங்களா? குழாய் இருக்கிற நாளில் பேச முடியாது, ஒரு சிலேட்டும் குச்சியும் வாங்கி வையுங்கள். எழுதச் சிரமம் என்றால் தண்ணீர், வலி, பாத்ரூம் என்று முன்கூட்டியே கைச்சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து வழியாகப் போடும்படி இல்லாமல், முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை நான்கைந்து எடுத்துப் போங்கள். தலையணை உயரமாக வேண்டும். போயிலைச் சுருளை யாரும் பாசத்தில் கொண்டுவந்து கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் வார்டில் அதுவும் நடந்தது.

கோதையாறு:
அதோடு ஒன்று, மறந்துவிடப் போகிறேன். பல் டாக்டர் எடுக்க வேண்டிய பற்களை இப்போதே எடுத்து, அந்தப் புண் ஆறிய பிறகுதான் குழாய். அதற்குப் பின்னால் எத்தனை வருடம் ஆனாலும் அந்தப் பக்கத்துப் பல்லைக் கதிரியக்க டாக்டரைக் கேட்காமல் பிடுங்கக் கூடாது, தாடை எலும்பு ஆறாது. வாய்ப் புண் ஆறியதும் வாய் திறக்கும் பயிற்சி, ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்து, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டிக்கொண்டே போக வேண்டும், தினமும் பல தடவை. பால் வெட்டுகிற கை, அதற்கு அவருக்குப் பொறுமை இருக்கும்.